நாலாவதாக உள்ளே போனவள்

ஏழு ஐம்பதுக்கு நாலாம் நம்பர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வரிசையில் நின்றிருந்த முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். ஓடைக்கரையில் காலை வரிசை வாயை மூடுகிறது என்றால் விஷயம் சின்னதில்லை.

என் பெயர் தவமணி. அந்தப் பொதுக் கழிப்பறையை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். பெருக்குவது, கழுவுவது, சண்டை விலக்குவது. கடைசி வேலைக்குத்தான் தெம்பு அதிகம் வேண்டும். பெண்கள் பக்கம் ஆறு கதவு. கரையில் இருப்பது முந்நூறு குடும்பம். மீதியை நீங்களே நினைத்துப் பாருங்கள், எனக்குச் சொல்லச் சொல்ல எரிச்சல்தான் வருகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெருமழை வடிந்த கையோடு காலரா வந்தது. பதினேழு பேர் செத்தார்கள். அதில் பதினோரு பேர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் இந்தப் புதுக் கழிப்பறைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். போர்டில் நீளமாக என்னவோ பெயர் எழுதியிருக்கிறது. நாங்கள் வைத்த பெயர் மோப்பம். பீங்கானுக்கு அடியில் ஒரு பெட்டி. போனவர் வயிற்றில் என்ன கிருமி என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். போனது யார் என்று அதற்குத் தெரிய வேண்டுமே, அதற்காக ஆளுக்கொரு ரப்பர் பட்டை, மணிக்கட்டில். பட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், இந்த நாலு வருஷத்தில் ஓடைக்கரையில் ஒரு பிள்ளைகூட வயிற்றால் போய்ச் சாகவில்லை.

நல்லதோடு சட்டமும் வந்தது. சிவப்பு எரிந்தால் பட்டைக்காரர் பதினாலு நாள் முகாமில் இருக்க வேண்டும். ஒருத்தர் பட்டையில் இன்னொருத்தர் போனது தெரிந்தால் மொத்தக் கழிப்பறைக்கும் முப்பது நாள் பூட்டு. போன வருஷம் பக்கத்துப் பாலத்தடிக்காரர்களுக்கு அப்படித்தான் பூட்டினார்கள். பெண்கள் விடிவதற்குள் கால்வாய் ஓரம் போக ஆரம்பித்தார்கள். நிறைமாசக்காரி கௌசல்யா சேற்றில் கால் வழுக்கி உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். பூட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் அவள் முகம்தான் வருகிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டே நாங்கள் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவை கதவு மூடினதும் மோப்பம் தன்னைத் தானே கழுவி, காய்ந்து, மறுபடி தயாராக நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். நாலு நாலு நிமிஷமாகக் காத்திருந்தால் ஊர் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில்தான் எங்கள் கடைசி ஆள் உள்ளே போவாள். அதனால் கதவைக் கொண்டியில் விழ விடுவதில்லை. கொண்டிக்குள் ஒரு துணியைச் சொருகி, உள்ளே ஒருத்தி இருக்கும்போது அடுத்தவள் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அவள் உள்ளே போனால் அதற்கு அடுத்தவள் பிடிப்பாள். முதல் ஆளின் பட்டையிலேயே நாலைந்து பேர் முடித்துவிடலாம். மோப்பத்துக்கு எல்லாம் ஒரே ஆள்தான். இதற்குக் கதவு பிடிப்பது என்று பெயர். ஆரம்பித்து வைத்தது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி கால் மணி நேரத்தில் வந்தது. இறங்கியவன் ஹரிசங்கர். மோப்பத்தைக் கவனிக்கிற நிறுவனத்தின் ஆள். இருபத்தாறு வயசு, நல்ல பிள்ளைதான். பேசும்போது மட்டும் ஆள் முகத்தைப் பார்க்க மாட்டான், கையிலிருக்கிற டேப்பின் திரையைப் பார்த்தே பேசுவான்.

“பிரிசில்லா யாரு? லூர்துமேரி பொண்ணு?”

பிரிசில்லா ஒரு பக்கம் மட்டும் பின்னல் போட்டபடி சீருடையில் வந்தாள். பத்தாவது படிக்கிறாள். மறுநாள் பொதுத்தேர்வு. கரையிலேயே அத்தனை சூட்டிகையான பெண் கிடையாது.

“ஏழு ரெண்டுலேர்ந்து ஏழு நாப்பது வரைக்கும் அஞ்சு தடவை போயிருக்கா,” என்றான் ஹரிசங்கர். “நாலாவது தடவை காலரா கிருமி இருக்கு. மத்த நாலுலயும் இல்ல. ஆரம்பத்துல இப்படி விட்டு விட்டுத்தான் காட்டும்.”

“அஞ்சு தடவையா?” என்று லூர்துமேரி மகளைப் பிடித்து உலுக்கினாள். “இன்னாடி, வயிறு போவுதா? சொல்லவே இல்ல?”

பிரிசில்லா என்னைப் பார்த்தாள். வரிசையில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் லூர்துமேரிக்கும் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். செத்துப்போன கௌசல்யா அவளுடைய தங்கை.

“சார், நாளைக்குப் பரீட்சை சார்,” என்றாள் கடைசியில். “இன்னொரு தபா டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இல்லைன்னு வந்தா உட்டுடுங்க.”

“இல்லைன்னு வந்தாலும் பதினாலு நாள்தாம்மா. முன்னாடி அப்படி விட்டதுலதான் பரவிச்சு. வண்டி இன்னும் மூணு இடம் போகணும், ஒரு மணிக்குத்தான் முகாமுக்குக் கிளம்பும். புஸ்தகம் துணிமணி ஏதாவது குடுக்கணும்னா அதுக்குள்ள கொண்டு வாங்க.”

“பரவால்லம்மா, போறேன்,” என்று பிரிசில்லா தானாகவே ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கும்பலாக நின்று வாயைப் பிளந்து பார்த்தன. வண்டிக் கதவு சாத்தியதும் லூர்துமேரி என் பக்கம் திரும்பினாள்.

“உன் வாயில இன்னா, கொழுக்கட்டையா?”

என்ன சொல்வது? பத்து மாசப் படிப்பு ஒரு பக்கம், முந்நூறு குடும்பத்துப் பெண்கள் ஒரு பக்கம். தராசு என் கையில் இருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

பள்ளிக்கூடத்திலும் தினம் எனக்கு வேலை உண்டு. போனதும் குடிதண்ணீர் டிரம்மைக் கையால் ஒரு அலசு அலசி, கால்வாய்க்கரைக் குழாயிலிருந்து ரப்பர் ட்யூபை விட்டு நிரப்புவேன். அப்புறம் பிள்ளைகளின் கழிப்பறை. அன்றைக்கும் அப்படியே செய்தேன். கை தன் வேலையைச் செய்தது, மண்டைக்குள் ஹரிசங்கர் சொன்ன ஒரே வார்த்தைதான் சுற்றிச் சுற்றி வந்தது. நாலாவது.

பத்தரை மணிக்குப் பீங்கானைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தி வந்தது. பிரிசில்லாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து பேரில் ஒருத்திக்குக் காலரா இருக்கிறது. அவள் இப்போது எங்கே?

விரலை மடக்கி எண்ணினேன். முதலில் பிரிசில்லா. அப்புறம் இட்லிக்கடை முனிரத்னம். அப்புறம் சபீரா. சபீரா உள்ளே இருக்கும்போது வெளியே கதவைப் பிடித்திருந்தது எஸ்தர். அப்படியானால் நாலாவது எஸ்தர். கடைசி நாகவல்லி, அவள் சாவகாசமாக வந்து கதவை முழுசாக மூடினதால்தான் விளக்கே எரிந்தது.

எஸ்தர் அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவியாளர். எனக்கு நாற்பதடி தூரத்தில், முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு, வெறும் கையால் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

“எஸ்தரு, கத்திய கீழ வை. எதையும் தொடாத.”

“இன்னாக்கா, பேயடிச்ச மாதிரி வர்றே?”

“கத்திய வை சொல்றேன்ல. காலையில நாலாம் நம்பர்ல கிருமி பிரிசில்லாவோடது இல்ல. நாலாவதா போனவளோடது. நாலாவது நீதான்.”

எஸ்தர் பயப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேரட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“நான் உள்ளயே போவலக்கா.”

“பொய் சொல்லாத. சபீரா உள்ள இருக்க சொல்லோ கதவை நீதான் பிடிச்சே. என் கண்ணால பார்த்தேன்.”

“பிடிச்சேன். யாரு இல்லைன்னா? அவ வந்ததும் நீ வந்தே. எஸ்தரு, ஒரு நிமிஷம் தள்ளு, அவசரம்னே. உனக்கு உட்டுட்டு நான் வெளிய நின்னேன். நீ வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டாம் நம்பர் காலியாச்சு, கதவை நாகவல்லி கையில குடுத்துட்டு அங்க போயிட்டேன். ரெண்டுல என் பட்டைதான் காட்டினேன், வேணும்னா அந்த சாரைக் கேளு. எனக்குப் பச்சைதான் எரிஞ்சுது.”

நான் மறுபடி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். மடக்கின விரல்கள் மடக்கினபடியே இருந்தன. உள்ளே போனது உண்மைதான். அவசரமாகப் போனதும் உண்மைதான். ஆனால் எண்ணும்போது என்னை நான் எண்ணவே இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அங்கேயே கிடக்கிறவள், வாளியும் மாப்புமாக நூறு தடவை உள்ளே போய் வருகிறவள், அவளும் ஒரு தடவை மற்றவர்களைப் போலப் போவாள் என்று எனக்கே தோன்றவில்லை. மோப்பத்தைக் கொண்டுவந்து வைத்த திட்டக்காரர்களுக்கும் தோன்றவில்லை. எனக்குப் பட்டையே கொடுக்கவில்லை. நாலு வருஷமாக யாராவது கதவு பிடித்தால்தான் நான் போகிறேன்.

“எனக்கு வயிறு போவலடி,” என்றேன். “வாந்தி இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத்தான இருக்கிறேன்?”

“எல்லாருக்கும் போவாதாம்க்கா. சில பேரு சும்மா சுமந்துகினு திரிவாங்களாம். டிரெய்னிங்ல சொன்னாங்க.”

கையைப் பார்த்தேன். கையுறை கிழிந்து ரெண்டு மாசமாகிறது, கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டேன். இந்தக் கையால்தான் டிரம்மை அலசினேன்.

அப்போது இடைவேளை மணி அடித்தது.

மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும்தான் எப்போதும் முதலில் டிரம்முக்கு வரும். நான் வெளியே வருவதற்குள் தம்ளருக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குழந்தை கடகடவென்று குடித்துவிட்டுத் தம்ளரைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தது. நான் கூட்டத்துக்குள் புகுந்து டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தேன். தண்ணீர் காலெல்லாம் நனைத்துக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. எத்தனை பேர் குடித்தார்கள் என்று கேட்டேன், எல்லாம் ஒரே நேரத்தில் கையைத் தூக்கின. அந்தக் கைகளைப் பார்த்ததும் பெற்ற வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, பெறாத எனக்கே அப்படி எரிந்தது.

எஸ்தர் என் முழங்கையைப் பிடித்துச் சமையல்கூடத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“தண்ணியத்தான் கொட்டிட்டியே, உடு. நீ நேரா போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கோ. பதினாலு நாள் வேலைக்கு வராத. யாருக்கும் தெரிய வேணாம்.”

“பிரிசில்லா?”

“ரெண்டு மாசத்துல மறுபரீட்சை வைப்பாங்க, எழுதிக்கும். நீ வாயத் தொறந்தா இன்னா ஆவும்னு யோசிச்சியா? ஒருத்தி பட்டையில அஞ்சு பேருன்னு தெரிஞ்சா சாயங்காலமே பூட்டு. என் மாமியாருக்கு முட்டி தேஞ்சு கெடக்குது, அதைக் கால்வாய்க்கு எப்படிக் கூட்டினு போவேன்? சபீரா பொண்ணு வயசுக்கு வந்து எட்டு நாள்தான் ஆவுது. லூர்துமேரியே பெத்த பொண்ணை வாய மூடிகினு அனுப்பினாளே, எதுக்கு?”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஒரு மணிவரைக்கும் நான் சும்மா இருந்தால் போதும். வண்டி போய்விடும், விஷயம் முடிந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாம் என்றுதான் ஐந்து நிமிஷம் நினைத்தேன். மாத்திரைக் கடைக்குப் போகிற வழியைக்கூட மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

“குடிச்ச பிள்ளைங்க?” என்று கேட்டேன்.

எஸ்தர் தரையைப் பார்த்தாள்.

“அந்தப் பதினோரு பேரும் முதல்ல நல்லாத்தான் வெளையாடிகினு இருந்துச்சுங்க எஸ்தரு. காலையில வெளையாடிச்சு, ராவுல போயிடிச்சு. எந்தத் தண்ணின்னு தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. இப்ப எந்தத் தண்ணின்னு எனக்குத் தெரியும்.”

அவள் அதற்கப்புறம் என்னைத் தடுக்கவில்லை. தன் போனையே எடுத்துக் கொடுத்தாள்.

ஹரிசங்கர் வண்டியோடு பன்னிரண்டே காலுக்கு வந்தான். ஜன்னலில் பிரிசில்லாவின் முகம் தெரிந்தது, மடியில் புஸ்தகம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு பிடிப்பது, துணி சொருகுவது, யார் ஆரம்பித்தது, டிரம். அவன் பாதியில் டேப்பில் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

“உங்க பட்டை நம்பர் சொல்லுங்க, மாத்திடறேன்.”

“பட்டை இல்ல தம்பி.”

“எல்லாருக்கும் குடுத்தோமே.”

“ஓடைக்கரையில குடியிருக்கிறவங்களுக்குத்தான் குடுத்தீங்க. நான் அங்க வேலை செய்றவ. வீடு ரயில்வே கேட்டாண்ட.”

“அப்ப நாலு வருஷமா நீங்க...” என்று ஆரம்பித்தவன் கேள்வியை முடிக்கவில்லை. பதிலுக்கு ஒரு பேரைப் போடாமல் பிரிசில்லா பேரை எடுக்க அந்த டேப்புக்குத் தெரியாதாம். வண்டியிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்து என் மணிக்கட்டில் மாட்டினான். மாட்டின உடனே சிவப்பாக மின்னியது. பிரிசில்லா இறங்கினாள், நான் ஏறினேன்.

“உன்னைப் பார்த்தா எனக்கு வெக்கமா இருக்குதும்மா,” என்றேன் அவளிடம். “காலையிலயே சொல்லியிருக்கணும்.”

“சாயங்காலம் பூட்டிடுவாங்களா ஆன்ட்டி?”

“ஆமா.”

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா, திட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குடித்த பிள்ளைகளை என்ன செய்வது என்று திட்ட அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். அறுபது குழந்தைகளை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் கொதிக்கும். பள்ளிக்கூடத்தில்தான் மோப்பம் இருக்கிறதே, எந்தப் பிள்ளைக்குச் சிவப்பு எரிகிறதோ அதை மட்டும் கூட்டிவந்தால் போதும், ஐந்து நாள் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடைக்கரையில் பூட்டு விழுந்தது.

முகாம் என்பது பழைய ஹாஸ்டல் கட்டடம். நல்ல சாப்பாடு, சுத்தமான படுக்கை. கழிப்பறையில் எனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. எனக்கு எதுவும் ஒட்டவில்லை. அந்தப் பெண் குழந்தை குடித்த தம்ளர்தான் கண்ணில் நின்றது. காலையும் மாலையும் ஹரிசங்கருக்குப் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டேன். சிவப்பு உண்டா? இல்லக்கா. மறுபடி சாயங்காலம். இல்லக்கா. அப்படி ரெண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அவனே நேரில் வந்தான். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று டேப்பைத் திருப்பிக் காட்டினான். கட்டம் கட்டமாக, அத்தனையும் பச்சை.

“பள்ளிக்கூடம் முழுக்கப் பச்சைக்கா. மூணு நாளா ஒரு சிவப்புகூட இல்ல. உங்களாலதான். பிரிசில்லா முதல் பரீட்சை நல்லா எழுதியிருக்காளாம்.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தெய்வமே என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணைத் துடைத்த பிறகு, ஒன்பது வருஷப் பழக்கம், வேறொரு கேள்வி வந்துவிட்டது. தினம் எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்தால்தானே எத்தனை வாளி தண்ணீர் என்று எனக்குத் தெரியும்.

“மொத்தம் எத்தனை பிள்ளைங்க போச்சுன்னு அதுல போட்டிருக்குமா தம்பி?”

“போட்டிருக்கும். நாங்க அதைப் பார்க்கறதில்ல, கலர் மட்டும்தான்.” விரலால் இரண்டு தடவை தள்ளினான். மூன்றாவது தடவை தள்ளிவிட்டு நிறுத்தினான்.

“எத்தனை?”

“பூஜ்யம்னு காட்டுது.”

“நேத்து?”

“நேத்தும்.”

“முந்நூத்தி நாப்பது பிள்ளைங்க தம்பி. மூணு நாளு.”

“மெஷின் தப்பா இருக்குமோ?”

“மெஷின் சரியாத்தான் சொல்லுது. யாரும் போவலன்னா சிவப்பு எப்படி எரியும்? பிரிசில்லாவ நீங்க வண்டியில ஏத்தினத அத்தனை பிள்ளைங்களும் பார்த்துச்சுங்க. அங்க போனா புடிச்சுகினு போயிடுவாங்கன்னு எந்தத் தாய் சொல்லாம இருந்திருப்பா? கரையிலயும் பூட்டு.”

அவன் முதல் தடவையாக டேப்பை விட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“அப்ப எங்க போறாங்க?”

கால்வாய்க்கரைக் குழாய்க்குப் பக்கத்தில்தான் புதர் இருக்கிறது, பாலத்தடிப் பெண்கள் ஒதுங்கினதும் அங்கேதான். அந்தக் குழாயில்தான் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.